பட்டாசு என்ற ஆமை சாப்பிடாததைப் பற்றி மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ தொட்டிப் பக்கம் வந்ததுமே பட்டாசு கண்ணாடியில் போய் மோதுகிறாள். நாலு காலையும் போட்டு அடிக்கிறாள். நீ போட்ட தீனி அவள் தலைக்கு மேலேயே மிதக்கிறது. ஒரு தீனிக் குச்சியைக் கவ்வுகிறாள், உன் கை அசைந்ததும் அதை விட்டுவிட்டுக் கையை நோக்கி ஓடிவருகிறாள். "இவ்வளவு பசி இருந்தும் ஏன் மாமா சாப்பிட மாட்டேங்குது?" என்று கேட்டிருந்தாய்.

அந்தத் துள்ளலைப் பசி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. ஆள் வந்தால் தீனி வரும் என்பதை ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைகள் வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். வயிறு நிறைந்திருந்தாலும் ஆளைப் பார்த்தால் ஆடும். பட்டாசின் கவனம் முழுக்க உன் மேல்தான் இருக்கிறது. அதனால் தீனி டப்பாவை மாற்றிக்கொண்டே இருக்காதே. நீ நிற்கும் இடத்தை மாற்று.

தொட்டியின் மூன்று பக்கத்துக்கும் வெளியே செய்தித்தாளை ஒட்டிவிடு. ஃபில்டரை நிறுத்து, இல்லாவிட்டால் குச்சிகள் சுழன்று ஓட, அவளும் கூடச் சுழல்வாள். தீனியை மேலிருந்து போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடு. கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் போதும். கொஞ்ச நேரம் நீந்தித் தேடுவாள், அப்புறம் அடங்குவாள். தீனிக்கு அருகில் வந்து கழுத்தை நீட்டி ஒரு கணம் அசையாமல் நிற்பாள். வாயைத் திறக்கும் அதே நொடியில் தாடைக்குக் கீழே தொண்டை பை மாதிரி உப்பும். தண்ணீரோடு சேர்த்துத் தீனி உள்ளே போய்விடும். ஸ்லைடர் தண்ணீருக்குள்தான் விழுங்கும். தண்ணீருக்கு வெளியே மேடையில் வைத்த தீனியைக்கூடக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் குதிக்கும். நீ மேடையில் வைத்துப் பார்த்தாயே, அது எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

தனியாக ஒரு டப்பில் விட்டுத் தீனி போட்டால் தொட்டி அழுக்காகாது என்று பலரும் சொல்வார்கள். சாதுவான ஆமைக்கு அது சரி. பட்டாசுக்கு வேண்டாம். தூக்கினாலே அரண்டு போகிறவள் வேறு தண்ணீரில் எப்படிச் சாப்பிடுவாள்? தொட்டியிலேயே போடு, மீதியைச் சின்ன வலையால் அள்ளிவிடு.

அடுத்தது சூடு. தொட்டியை ஏசி அறையில் வைத்திருக்கிறாய். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் பசி மந்தமாகும், சாப்பிட்டதும் செரிக்காது. தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்கட்டும். வெயில் காயும் மேடைக்கு மேல் விளக்குப் போட்டு அந்த இடத்தை 30 முதல் 35 டிகிரிக்குள் வைத்துக்கொள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதும் என்று நினைக்காதே. ஓட்டுக்குத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்கென்று தனி விளக்கு வேண்டும். ஏசி அறையிலிருந்து தொட்டியை இன்றைக்கே ஹாலுக்கு மாற்று. காலையில் நன்றாகக் காய்ந்து முடித்த பிறகு, பத்து பதினோரு மணிக்குத் தீனி போடு. சூடான உடம்போடு இருக்கும்போது தேடித் தின்பாள்.

என்ன போடுவது? ஆமைக் குச்சி அடிப்படையாக இருக்கட்டும். வெறும் காய்ந்த இறாலில் பழகினால் வேறு எதையும் தொடாது, சத்தும் போதாது. உப்பு போடாமல் வேகவைத்த மீனின் தண்ணீரில் குச்சியை நனைத்துப் போட்டால் வாசனைக்கு வருவாள். வளர வளர இலை தழை அதிகம் வேண்டும். துருவிய கேரட், மஞ்சள் பூசணி நல்லது. பாலக்கீரை அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உங்கம்மா போடும் சோறும் பிரெட்டும் வேண்டவே வேண்டாம், நான் சொன்னதாகச் சொல். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், அவள் தலை அளவு குச்சி போதும். நடுவில் எவ்வளவு ஆடினாலும் போடாதே.

இன்னொன்றை நீ கவனித்தே ஆகவேண்டும். வீடியோவில் முன்கால் நகங்கள் குட்டையாகத் தெரிந்தன. அதனால்தான் 'அவள்' என்று எழுதுகிறேன். வளர்ந்த ஆணுக்கு அந்த நகங்கள் நீளமாக இருக்கும். முதுகு ஓட்டின் நீளத்தை அளந்து பார். 15 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆண் துணையே இல்லாமலும் முட்டை போடும், அதில் குஞ்சு வராது, அவ்வளவுதான். முட்டை இருக்கும் ஆமை தீனியை ஒதுக்கும், ஓயாமல் நீந்தும், வெளியே ஏறப் பார்க்கும், மேடையில் பின்காலால் தோண்டுகிற மாதிரி செய்யும். பார்க்கிறவர்களுக்குச் சேட்டை போலத்தான் தெரியும். அப்படி இருந்தால் ஒரு பெரிய டப்பில் ஈர மணலை அவள் ஓட்டின் நீளத்தைவிட ஆழமாக நிரப்பி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அவளை அதில் விடு. தோண்ட இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

தங்கச்சிப் பாப்பா தொட்டியில் கை விடுகிறாள் என்றாய். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவவை. தொட்டிச் சாமானைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே. ஆமையிடமிருந்து குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியதால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள்.

கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்று உங்கம்மா சொன்னதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதே. இது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் குளத்து ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும்.

சூட்டைச் சரிசெய்து, ஆள் விலகி நின்றும் ஒரு வாரத்துக்குமேல் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் கொண்டு போ. கண் வீங்கி மூடியிருந்தாலும், மூக்கில் குமிழி வந்தாலும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினாலும் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காதே. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரி. முட்டை சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேள். பக்கெட் தண்ணீரில் தூக்கிப் போகாதே. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத் துண்டு விரித்து அதன்மேல் வைத்துக் கொண்டுபோ. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
மாமா