டீசல் வண்டி வந்துவிட்டது, அப்பா

கொலம்பஸ், இந்தியானா
ஆகஸ்ட் 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான், உங்கள் மருமகள், குழந்தைகள் எல்லோரும் நலம். நீங்கள், அம்மா, தம்பி குடும்பம் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்த டீசல் வண்டி வந்துச்சா இல்லையா?" என்று கேட்டீர்கள். நான் பல வருடமாகக் காத்திருந்த மஸ்டா சிஎக்ஸ்-5 டீசல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். போனில் சொன்னாலும் இது பாதியில்தான் நிற்கும். நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நாமக்கல்லில் பம்ப் மெக்கானிக் வீட்டில் பிறந்தவன் அமெரிக்காவில் வந்து சேர இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1919இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் இங்கேதான் டீசல் எஞ்சின் கம்பெனி ஆரம்பித்தார். அவர் இந்த ஊர் வங்கிக்காரர் ஒருவரிடம் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர். முதல் போட்டதும் அந்த முதலாளிதான். நீங்கள் டாடா லாரிகளில் பார்த்த கம்மின்ஸ் பெயர் இந்தச் சின்ன ஊரிலிருந்து கிளம்பியது. இந்த வருடம் அதற்கு நூறு வயது. நம்மூர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதற்கும் அதுவே காரணம். ஊரைத் தாண்டினால் மக்காச்சோளக் காடும் சோயா காடும்தான். இந்த மாதம் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது.

ஊரே டீசலால் பிழைக்கிறது. ஐ-65 நெடுஞ்சாலையில் இரவெல்லாம் பெரிய லாரிகள் ஓடுகின்றன. பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் பஸ், காட்டில் ஓடும் டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் டீசல். பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் வண்டியில் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இருக்கிறது. குளிர்காலத்தில் எஞ்சினைச் சூடு பண்ண முன்னால் ஒரு மின்சார ஒயரே தொங்கும். ஆனால் நான்கு பேர் கோயிலுக்கும் கடைக்கும் போய்வர ஒரு சாதாரண டீசல் கார் வேண்டும் என்றால் கிடைப்பது அரிது. நான் வந்த புதிதில் இதை நம்பவே முடியவில்லை.

காரணம் பழையது. 1978இல் ஓல்ட்ஸ்மொபைல் ஒரு பெரிய வி8 டீசல் எஞ்சினைக் காரில் வைத்து விற்றது. ஹெட் போல்ட் அழுத்தம் தாங்கவில்லை, ஹெட் கேஸ்கட் போனது, டீசலில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் வைக்கவில்லை. தண்ணீர் கலந்த டீசல் பம்பையும் நாசிலையும் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1985இல் அதை நிறுத்தினார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு டீசல் கார் என்றாலே இன்னும் பயம். அப்புறம் விலை. நம்மூரில் பல வருடம் டீசலுக்கு மானியம் இருந்தது. இங்கே மத்திய அரசு வரியே காலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். காலன் என்பது 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பங்கிலும் பெரும்பாலும் டீசல்தான் விலை கூடுதல்.

இப்படி இருக்கும்போதுதான் 2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் மஸ்டா கம்பெனி தன் 2.2 லிட்டர் டீசலை அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. முதலில் மஸ்டா 6 காரில் வரும் என்றார்கள். என் கண் அதே எஞ்சின் உள்ள சிஎக்ஸ்-5 மேல் இருந்தது. காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் உள்ள வண்டி அது. நம்மூர் க்ரெட்டாவைவிடக் கொஞ்சம் பெரிது. ஜப்பானில் அந்த வருடமே ஓட ஆரம்பித்துவிட்டது. அங்கே முதலில் பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் டீசலைத்தான் கேட்டிருந்தார்கள்.

அந்த எஞ்சினைப் பற்றி அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் விகிதம், 14-க்கு 1 என்றதும், "அதில் டீசல் எப்படிப் பத்தும்?" என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. மற்ற டீசல்கள் எல்லாம் 16, 17, 18 என்று இருக்கும்போது இவர்கள் வேண்டுமென்றே குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் எரியும் சூடு குறையும். சூடு குறைந்தால் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடு குறையும். பிளாக்கை அலுமினியத்தில் செய்து எடையையும் குறைக்க முடிந்தது. டீசல் பீய்ச்சும் அழுத்தம் 2,000 பார். நீங்கள் டெஸ்டரில் லீவரை அடித்து, இருநூறு சொச்சம் பாரில் நாசில் திறக்கிறதா, சொட்டு விடாமல் பனி மாதிரி பீய்ச்சுகிறதா என்று பார்ப்பீர்களே, அதைப்போலப் பத்து மடங்கு.

அந்த நைட்ரஜன் ஆக்சைடில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. அது வெயிலில் மற்றப் புகையோடு சேர்ந்தால் ஓசோனும் புகைமூட்டமும் உண்டாகி ஊர் முழுக்க மங்கலாகப் படியும், மூச்சை அடைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அதில் பல வருடம் அவதிப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 1967இலேயே அதற்கென்று ஒரு வாரியம் வைத்தது. 1970இல் நாட்டுக்கே சட்டம் வந்தது. இங்கே பெட்ரோல் காருக்கு ஒரு அளவு, டீசல் காருக்குத் தாராளமாக ஒரு அளவு என்று கிடையாது. இரண்டுக்கும் ஒன்றுதான். நான் காத்திருக்கத் தொடங்கிய காலத்தில் அந்த அளவு மைலுக்கு 0.07 கிராம். அப்போது நம்மூர் பிஎஸ்-4 புகை விதி டீசல் காருக்கு அனுமதித்ததில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

புகையில் யூரியாக் கரைசலைப் பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது ஒரு வழி. மஸ்டா, யூரியா எதுவும் ஊற்றாமல் எஞ்சினை வைத்தே இதைச் சமாளிக்கப் பார்த்தது. 2013 கடைசிக்குள் வரும் என்றவர்கள், 2014 வசந்தத்தில் என்றார்கள். அப்புறம் 2014 ஜனவரியில் தேதியே சொல்லாமல் தள்ளி வைத்தார்கள். யூரியா இல்லாமலே அளவுக்குள் கொண்டுவர முடியும், ஆனால் ஓட்டம் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. இவர்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை, ஜெர்மன்காரர்கள் டீசல் கார் விற்றுக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள்.

அதற்குப் பதில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே டேன் கார்டர் என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு. அதில் மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அப்புறம் அரவிந்த் திருவேங்கடம். அந்தக் கடைசிப் பெயரைச் செய்தியில் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! வழக்கமாக வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் நிறுத்தித்தான் சோதிப்பார்கள். இவர்கள் புகையளக்கும் கருவியை வண்டிக்குள்ளேயே ஏற்றி, 2013இல் கலிபோர்னியா சாலையில் ஓட்டினார்கள். ஒரு வோக்ஸ்வேகன் பசாத் காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் ஒழுங்காக இருந்த வோக்ஸ்வேகன் வண்டிகள் சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்ததைவிடப் பல மடங்கு விட்டன. அந்தக் கம்பெனியின் ஜெட்டா கார் 15 முதல் 35 மடங்கு. உடன் சோதித்த பிஎம்டபிள்யூ பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக ஓடும்படி உள்ளே மென்பொருள் எழுதி வைத்திருந்தார்கள் என்பது 2015 செப்டம்பரில் அரசாங்கமே அறிவித்தபோது வெளியே வந்தது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள்.

அப்பா, நீங்கள் பம்பில் சீல் வைத்த பிறகு யாராவது புகை தள்ளட்டும், இழுவை கூடட்டும் என்று சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகினால் அந்த வண்டியை மறுபடி உள்ளே விட மாட்டீர்கள். அதை ஒரு கம்பெனியே செய்திருக்கிறது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு மஸ்டாக்காரர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லித் தள்ளி வைத்தார்களே, அது பெரிய விஷயம். இனி வந்தால் வாங்கலாம், வராவிட்டாலும் மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

2016 நவம்பரில் மறுபடி அதே லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், சிஎக்ஸ்-5 டீசல் அடுத்த வருடம் வரும் என்றார்கள். அடுத்த வருடமும் போனது, அதற்கடுத்ததும் போனது. இந்த ஏப்ரலில் நியூயார்க் கண்காட்சியில் உண்மையாகவே விலையோடு அறிவித்தார்கள். யூரியா டேங்க், புகைக்கரி ஃபில்டர் எல்லாம் சேர்த்து.

போன வாரம் இண்டியானாபொலிஸ் பக்கம் ஒரு ஷோரூமில் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சன்னமான டக டக சத்தம் வெளியே நின்றால் கேட்கிறது. உள்ளே உட்கார்ந்தால் தெரியவே இல்லை. 2,000 சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடுகிறது. மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே வேண்டாம், தானாக ஏறுகிறது. சைலென்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், கரி ஒட்டவில்லை. நீங்கள் கூட இருந்திருக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் மிகவும் தோன்றியது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். விலை 41,000 டாலர். அதே வசதியுள்ள பெட்ரோல் டர்போவைவிடச் சுமார் 4,000 டாலர் கூடுதல். நாங்கள் காத்திருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சின் வளர்ந்துவிட்டது. டீசலில் 168 குதிரைத்திறன். பெட்ரோல் டர்போவில் நல்ல பெட்ரோல் போட்டால் 250. இழுவையிலாவது டீசல் மேலே இருக்கும் என்று நினைப்பீர்கள். அதிலும் டீசல் 290 பவுண்டு-அடி, பெட்ரோல் 310. மைலேஜ் ஊருக்குள் காலனுக்கு 27 மைல், நெடுஞ்சாலையில் 30. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் சிஎக்ஸ்-5 கூட, நான்கு சக்கர இழுவையோடு, நெடுஞ்சாலையில் அதே 30 தருகிறது. நம் கணக்கில் லிட்டருக்குப் பன்னிரண்டே முக்கால் கிலோமீட்டர். சொன்னால் தம்பி நம்ப மாட்டான்.

அதனால் சாதாரண பெட்ரோல் வண்டியைத்தான் எடுக்கப்போகிறோம். மருமகள் எதுவும் சொல்லவில்லை, முடிவை என்னிடமே விட்டுவிட்டாள். மனசு கேட்கவில்லை என்பது உண்மை. டீசல் வாசனை இல்லாத வீட்டில் நான் வளரவில்லை. உங்கள் கை படித்த தொழில் இந்த நாட்டில் என் வாசலிலும் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் மீதமாகும் பணம் வேறு இடத்துக்குத் தேவை, அதைக் கீழே எழுதுகிறேன்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு தாமதமானது என்று படிக்கப் படிக்க எனக்கு உங்கள் இருமல்தான் நினைவுக்கு வந்தது. பட்டறைக்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்து, புகைக்கு நடுவே நின்று பம்ப் டைமிங் வைத்த வருடங்கள் எத்தனை. அந்தப் புகையை அளந்து, இதற்கு மேல் கூடாது என்று யாரும் உங்களுக்காகக் கோடு போடவில்லை. இங்கே போட்டிருக்கிறார்கள். அதற்காக நான் விரும்பிய வண்டி இத்தனை வருடம் தள்ளிப்போனது எனக்குச் சம்மதம்தான்.

நம்மூரிலும் அது வருகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. மாருதி டீசல் காரையே நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டது, நீங்களும் படித்திருப்பீர்கள். லாரிகள் நிற்காது, ஆனால் எல்லாவற்றிலும் யூரியா முறையும் கரி ஃபில்டரும் வரும். தம்பியிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவீதம், மீதி உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீர். உரக்கடையில் வாங்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் உள்ளே புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட் கெட்டுப்போகும், மாற்றும் செலவு மிகப் பெரிது. சிலர் மலிவு என்று அப்படிச் செய்யப் பார்ப்பார்கள், பட்டறைக்கு வருபவர்களைத் தடுக்க வேண்டும். கேனை வெயிலில் வைக்கக் கூடாது. இங்கே எங்களுக்கு எதிர்ப் பிரச்சினை, மைனஸ் 11 டிகிரியில் அது உறைந்துவிடும், அதனால் டேங்கிலேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

பழைய பம்ப் வேலை இன்னும் சில வருடம் வரும். ஆனால் தம்பி இப்போதே, புது டீசல் எஞ்சின்களில் வரும் காமன் ரெயில் இன்ஜெக்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் ஒன்று போட்டுவிடுவது நல்லது. விலை விசாரித்து எழுதச் சொல்லுங்கள். வண்டியில் மீதமாகும் பணத்தை அதற்கு அனுப்புகிறேன். பெஞ்ச் போடும்போது புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறியும் குழாயும் சேர்த்துப் போட வேண்டும். அது இல்லாமல் நான் பணம் அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சேலம் போய் நெஞ்சு டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இந்த வாரமே தம்பியோடு போய்வாருங்கள். எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் சோதனையும் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. குழந்தைகள் தாத்தாவையும் ஆத்தாவையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தைப் பொங்கலுக்கு வர டிக்கெட் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்