வெள்ளிக்காக வருத்தப்படாதே

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். தங்கம் தேடி நீங்கள் பாறையில் போட்ட முதல் துளையின் லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது, தங்கம் எதிர்பார்த்த அளவு இல்லை, வெள்ளிதான் ஏறி நிற்கிறது, சீனியர்கள் முகமே சரியில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. போன் போட்டால் பாதியில் அம்மா வாங்கிவிடுவாள். அதனால் சாவகாசமாக எழுதுகிறேன்.

வெள்ளி வந்ததற்காக யாரும் துக்கப்பட வேண்டாம். நீ இருக்கிற அதே நெவாடாவில், வர்ஜீனியா சிட்டிப் பக்கம், 1859-ல் தங்கம் அரித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கனமான கருநீலச் சேறு ஒன்று பெரிய தொல்லையாக இருந்தது. அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். அதில் கொஞ்சத்தைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்த பிறகுதான் அத்தனையும் வெள்ளிக் கனிமம் என்று தெரிந்தது. காம்ஸ்டாக் சுரங்கங்கள் அப்படித்தான் ஆரம்பித்தன.

என்னைப் போன்ற நகைப் பட்டறைக்காரனுக்குத் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்து நினைக்கவே வராது. பழைய நகையை உருக்கிச் சுத்தம் செய்யும்போது, ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளியை நாமே சேர்ப்போம். வெள்ளி குறைந்தால் திராவகம் உள்ளே இறங்காது. கொதித்து அடங்கியதும் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு தூள் கிடக்கும். தங்கம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கழுவி, உலர்த்தி, நெருப்பில் காட்டினால்தான் மஞ்சள் ஏறும். உங்கள் லேபில் கல்லைப் பொடித்து ஈயத்தோடு உருக்குகிறார்கள், ஈயத்தைச் சாம்பல் கிண்ணத்தில் உறிஞ்சவிட்டு மிஞ்சுகிற மணியைத் திராவகத்தில் போடுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது நம் வேலைதான் அம்மா.

உன் இடத்தில் தங்கம் எப்படி உண்டானது என்று நீ போனில் விளக்கியதை நோட்டில் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். எரிமலைப் பாறைக்குள் 200, 300 டிகிரிச் சூட்டில் தண்ணீர் ஏறி வருகிறது. கந்தகம் தங்கத்தைக் கரைசலில் பிடித்துவைத்திருக்கிறது. பாறை விரிசல் விட்டு அழுத்தம் இறங்கியதும், கோலி சோடாவை உடைத்த மாதிரி தண்ணீர் பொங்கி வாயு வெளியேறுகிறது. கந்தகம் போனால் தங்கத்துக்குப் பிடிமானம் இல்லை, அங்கேயே படிந்துவிடுகிறது. கூடவே, மணலில் இருக்கிற அதே சிலிக்காவும் விரிசலில் படிந்து குவார்ட்ஸ் ரேகை, அதாவது பாறைக்குள் ஓடும் வெள்ளைக்கல் பட்டை, ஆகிறது. சிலிக்கா தண்ணீரில் கரைந்து வரும் என்பதற்கு இங்கே திருவக்கரைக் கல்மரங்களே சாட்சி. மரத்தின் வரிகூட அழியாமல் கல்லானது நிலத்தடி நீர் நிதானமாகச் செய்த வேலை. சின்ன வயதில் அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே நீ நகர மறுத்தாய்.

நம் ஆட்கள் எத்தனையோ பேர் இறங்கி உழைத்த கோலார் வேறு கதை. அது மிகப் பழைய பாறை, பூமியின் ஆழத்தில் உண்டான தங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் 2001-ல் மூடினார்கள். உன் இடம் தரைக்குக் கிட்டத்தில் உண்டானது. அதனால்தான் எந்த மட்டத்தில் துளை போட்டோம் என்பது இவ்வளவு முக்கியம்.

நீ அனுப்பிய படத்தில், தகடு தகடாகக் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்ட ஒரு கல் இருந்ததே. கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமம் தகடாக வளர்ந்து பிற்பாடு குவார்ட்ஸாக மாறியது என்றாய். அப்படியென்றால் அங்கே தண்ணீர் கொதித்திருக்கிறது, அது நல்ல அடையாளம். கொதித்த மட்டத்துக்கு மேலே பாதரசம், ஆர்செனிக், ஆன்டிமனி. அந்த மட்டத்தை ஒட்டித் தங்கமும் வெள்ளியும். கீழே போகப் போக ஈயமும் துத்தநாகமும். சரி, உன் ரிப்போர்ட்டில் வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் கூடுகிறதா? கூடினால் துளை ரேகையின் அடிப்பக்கத்தை வெட்டியிருக்கலாம். தங்கம் அதற்கு மேலே இருக்கலாம், மலை தேய்ந்தபோதே அடித்துக்கொண்டும் போயிருக்கலாம். கூடாவிட்டால் இன்னும் கீழே தேட இடம் இருக்கிறது. ஒரே துளையை வைத்து முகம் வாடினால் எப்படி?

அப்புறம், நல்ல துண்டை மட்டும் எடுத்து எழுதச் சொல்கிறார்கள் என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. ஒரு மீட்டரில் டன்னுக்கு 30 கிராம் வந்து, பக்கத்து ஒன்பது மீட்டரும் வெறும் பாறையாக இருந்தால், 10 மீட்டருக்கு 3 கிராம் என்று எழுதலாம். கணக்கு தப்பில்லை. ஆனால் படிக்கிறவர் பத்து மீட்டரும் தங்கம் என்று நினைத்துப் பணம் போடுவார். நம் பட்டறையில் கல் எடை தனி, தங்க எடை தனி என்றுதான் சீட்டு எழுதுவோம். நீயும் அந்த ஒரு மீட்டரைத் தனியாகக் காட்டு, வெறும் பாறையையும் வெறும் பாறை என்றே எழுது. சீனியர் கோபித்தாலும் பரவாயில்லை. அடியில் உன் கையெழுத்து இருக்கிறது.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் ஆழத்தோடு சேர்த்துத் தங்கம், வெள்ளி, ஈயம், துத்தநாகம் நான்கையும் அனுப்பு. நோட்டில் பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா