மாஸ்டாக்காரர்களின் பாராட்டும் புலம்பலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சி சொல்வதைக் கேட்டு இன்னும் கொஞ்ச நாளைக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறு. வீரம் எல்லாம் அப்புறம் காட்டலாம். நான் நன்றாக இருக்கிறேன். ஓய்வு பெற்றபின் படிக்க நேரம் கிடைக்கிறது, தூக்கம்தான் குறைந்துவிட்டது. பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள், உன்னை மாதிரியே.

சரி, உன் மகன் விஷயம். பழைய மாஸ்டா சிஎக்ஸ்-5 டீசல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தாமல், "டொயோட்டா இருக்கும்போது மாஸ்டாவை யார் வாங்குவார்கள்?" என்று ஒரு வம்பும் இழுத்திருந்தாய். வாழ்நாள் முழுக்க இன்ஜின் பாடம் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் பதில் நீளும். பொறுத்துக்கொள்.

மாஸ்டா வைத்திருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒன்று தெரியும். அவர்கள் எதற்காக அந்த வண்டியைக் கொண்டாடுகிறார்களோ, அதற்காகவேதான் திட்டவும் செய்கிறார்கள். எல்லாரும் கைவிட்ட ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கம்பெனியின் குணம். நல்லதும் கெட்டதும் அதிலிருந்தே வருகின்றன. இது நேற்று வந்த குணமும் இல்லை.

1920-இல் ஹிரோஷிமாவில் கார்க் தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. பாட்டில் மூடுகிற அதே கார்க்தான். அடுத்த ஆண்டே ஜுஜிரோ மட்சுடா தலைமைக்கு வந்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கொல்லுப்பட்டறையில் தொழில் பழகியவர். அவர் கம்பெனியை இயந்திரங்கள் பக்கம் திருப்பி, 1931-இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்றை வெளியே விட்டார். அதில்தான் மாஸ்டா என்ற பெயர் முதலில் வந்தது. யுத்த காலத்தில் துப்பாக்கியும் செய்தார்கள்.

1945 ஆகஸ்ட் 6 மட்சுடாவின் 70-ஆவது பிறந்தநாள். அன்றுதான் அணுகுண்டு விழுந்தது. தொழிற்சாலை, குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி ஃபுச்சுவில் இருந்தது. நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று. அந்தக் குன்று மறைத்ததால் கட்டடங்கள் பெருமளவு தப்பின. நகருக்குள் போயிருந்த ஊழியர்கள் பலர் தப்பவில்லை. மாகாண அரசுக்கே உட்கார இடமில்லாமல் போனதால், சில மாதங்கள் இந்தக் கம்பெனிக் கட்டடத்தில்தான் அரசு அலுவலகம் நடந்தது. அந்த டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி மறுபடி உற்பத்திக்கு வந்துவிட்டது. நான்கு மாதம்தான், யோசித்துப் பார். ஹிரோஷிமாக்காரர்களுக்கு அது வெறும் கார் கம்பெனி இல்லை. அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயர் ஹிரோஷிமா டோயோ கார்ப். அதிலுள்ள டோயோ, கம்பெனியின் பழைய பெயரான டோயோ கோக்யோவிலிருந்து வந்தது.

இனி நான் உட்கார்ந்து பேச விரும்பும் இடம், ரோட்டரி இன்ஜின். நீ கொட்டாவி விடுவாய் என்று தெரியும்.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு, சிறிய கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு இணைத்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்க முடியும் என்று அப்போதைய தலைவர் ட்சுனெஜி மட்சுடா முடிவு செய்தார். ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியிடமிருந்து, ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவர் உருவாக்கிய இந்த ரோட்டரி இன்ஜினுக்கு 1961-இல் உரிமம் பெற்றார். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ஆட்டுக்கல்லில் குழவி மையம் தள்ளிச் சுற்றுவதுபோல, முக்கோண ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுற்றும். ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். அதிர்வு குறைவு, எடை குறைவு. காகிதத்தில் பார்த்தால் சொர்க்கம்.

ஓட்டிப் பார்த்தால் நரகம். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் கூட்டின் உள்சுவரில் வரிவரியாகக் கோடு கிழித்தன. பொறியாளர்கள் அதற்குப் 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் அதைத் தீர்க்க உட்கார்ந்தார்கள். தலைவனுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானியருக்கு மனப்பாடம். அந்த எண் அவர்கள் தலையில் எப்படி ஏறியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் கைகொடுத்தது. 1967-இல் ரோட்டரி வைத்த காஸ்மோ ஸ்போர்ட் கார் வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தில் 84 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் ஒரு காஸ்மோ நான்காவதாக வந்தது. சீல் நிற்காது என்று சொன்னவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

ஆனால் பெட்ரோல் குடிப்பதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காவில் விற்பனை சரிந்தது. சுமிட்டோமோ வங்கி வந்து தூக்கி நிறுத்தியது. தொழிற்சாலை ஆட்களைக் கார் விற்க ஷோரூம்களுக்கு அனுப்பினார்கள். 1979-இல் ஃபோர்டு 25 சதவீதப் பங்கை வாங்கியது. வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ரோட்டரியை அங்கேயே குழி தோண்டிப் புதைத்திருக்கும். இவர்கள் 1978-இல் ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி காரை விட்டார்கள். 1991-இல் 787பி என்ற நான்கு ரோட்டர் வண்டியோடு பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார்கள். ஜப்பானியக் கம்பெனி ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் முறை. உன் டொயோட்டா 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாய்!

இப்போது ரோட்டரி வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேள். "ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் ஆயிலைப் பார்க்கணும்" என்பார்கள். சீல் தேயாமல் இருக்க அந்த இன்ஜின் கொஞ்சம் ஆயிலை வேண்டுமென்றே எரிக்கிறது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. தெரியாமல் வாங்கியவர்கள் ஆயில் குறைந்தது தெரியாமலேயே ஓட்டி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டார்கள். சூடாகாமல் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, வண்டியை இரண்டடி நகர்த்தி உடனே அணைத்தால், பெட்ரோல் தேங்கி அடுத்த முறை எடுக்காது. சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தும் வலு, போய்விட்டது என்று அர்த்தம். ஆர்எக்ஸ்-7-க்குப் பின் வந்த ஆர்எக்ஸ்-8 விஷயத்தில் புகார்கள் பெருகி, அமெரிக்காவில் இன்ஜினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்ட வேண்டி வந்தது. 2012-இல் அந்த வண்டியே நின்றுபோனது. இத்தனையும் சொல்லிப் புலம்பிய அதே மனிதர், "ஆனா 8,000 ஆர்பிஎம் வரைக்கும் வழுக்கிட்டுப் போகும் பார்!" என்று முடிப்பார். விற்றுவிடுங்களேன் என்றால் முறைப்பார். 2023-இல் எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் ஒற்றை ரோட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தார்கள். விடவே மாட்டார்கள் போலிருக்கிறது.

எம்எக்ஸ்-5 பற்றி உனக்கே ஓரளவு தெரியும். மேற்கூரையை மடித்துவிட்டு ஓட்டும் சின்ன இரண்டு சீட் வண்டி. இங்கிலாந்தில் அந்த வகையே அழிந்துகொண்டிருந்த நேரத்தில், 1989-இல் சிகாகோ கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி உருண்டது. அதன் சொந்தக்காரர்கள் யாரும் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கியர் விழும் விதத்தைப் பற்றியும், வளைவில் வண்டி திரும்பும் விதத்தைப் பற்றியும்தான் பேசுவார்கள். புகார் ஒன்றே ஒன்று, துரு. கூரையிலிருந்து வழியும் தண்ணீர் வெளியேறும் ஓட்டை அடைத்துக்கொண்டால், கதவுக்குப் பின்பக்கத்து அடிச்சட்டம் உள்ளிருந்தே அரித்துவிடும். ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைச் சொந்தக்காரர்களுக்காகக் கம்பெனியே பிரித்துப் புதுப்பித்துத் தரும் ஏற்பாடு ஒன்றும் வந்தது. அந்த அறிவிப்பு 2017-இல் வந்தபோது நான் உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? துரு என்றதும் நினைவுக்கு வருகிறது, 2000-களின் மாஸ்டா 3, மாஸ்டா 6 வண்டிகளும் சாலையில் உப்புத் தூவும் குளிர்நாடுகளில் சக்கர வளைவெல்லாம் அரித்துப்போய்க் கெட்ட பெயர் வாங்கியவைதான். பிடிவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகட்டுக்குப் பாதுகாப்புப் போதவில்லை, அவ்வளவே.

இனி உன் மகன் பார்க்கும் வண்டி. 2008-இல் ஃபோர்டு தன் பங்கை விற்க ஆரம்பித்தபோது மாஸ்டா கிட்டத்தட்டத் தனியாகிவிட்டது. மற்றவர்கள் ஹைப்ரிட், மின்சாரம் என்று பணத்தைக் கொட்டிய நேரத்தில், இவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. அதனால் சாதாரண இன்ஜினையே அடிப்படையிலிருந்து திருத்தி எழுதினார்கள். பெயர் ஸ்கைஆக்டிவ். சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதுதான் கம்ப்ரஷன் விகிதம். பெட்ரோல் இன்ஜினில் அதை 14-க்கு உயர்த்தினார்கள். டீசலில் வழக்கமாக அதைவிட அதிகம் இருக்கும், அதை 14-க்கு இறக்கினார்கள். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. குறைந்த கம்ப்ரஷனில் டீசல் குளிரில் எரிய மறுக்குமே என்று கேட்பாய். வெளியேறும் சூடான புகையில் கொஞ்சத்தை மறுபடி சிலிண்டருக்குள் இழுக்கும்படி எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் திறந்து வைத்தார்கள். அப்போதைய விதிகளுக்கு, புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற மாசுக்கென்று தனிச் சுத்திகரிப்புகூடத் தேவைப்படவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது பையன்கள் தூங்கினார்கள், எனக்கு மட்டும் புல்லரித்தது.

2012-இல் வந்த சிஎக்ஸ்-5 இந்த முறையில் முழுதாக உருவான முதல் வண்டி. வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங்கையும் டீசலின் இழுவையையும் மெச்சுகிறார்கள். குறை சொல்பவர்களில் பாதிப்பேர் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டியவர்கள். குறைந்த தூரமே ஓட்டினால், கரித்துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வேலை பாதியில் நின்றுவிடும். அதற்காகத் தெளித்த டீசல் போய் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் குறையாமல் ஏறும். அதனால்தான் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் முழு அளவுக் கோட்டுக்கு மேலே ஒரு 'எக்ஸ்' குறி போட்டிருக்கிறார்கள். ரோட்டரிக்காரர் ஆயில் குறைகிறதா என்று பார்க்கிறார், டீசல்காரர் ஏறுகிறதா என்று பார்க்கிறார்!

ஆகவே மகனிடம் சொல். வண்டி சூடாகாமல் இருக்கும்போது போய்ப் பார்க்கட்டும், வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படட்டும். முதல் வேலையாக டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கட்டும், 'எக்ஸ்' பக்கம் போயிருந்தால் திரும்பி வந்துவிடலாம். ஆயில் மாற்றிய ரசீதுகள் எல்லாம் கேட்கட்டும். முன்னால் ஓட்டியவர் தினமும் நெடுஞ்சாலையில் போனவரா, தெருவுக்குள்ளேயே சுற்றியவரா என்பதுதான் கிலோமீட்டர் எண்ணிக்கையைவிட முக்கியம். அதைவிட முக்கியம், அவனே எப்படி ஓட்டப்போகிறான் என்பது. அலுவலகம் பக்கத்தில்தான் என்று எழுதியிருந்தாயே. அப்படியானால் அதே வண்டியில் பெட்ரோல் மாடலைத் தேடட்டும். டொயோட்டாவே வாங்கினாலும் எனக்குக் கோபம் இல்லை. 2017 முதல் அவர்களே மாஸ்டாவில் சுமார் 5 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் திரையைத் தொடாமல் கீழே உள்ள திருகுக் குமிழை வைத்து எல்லாவற்றையும் இயக்கிப் பார்க்கச் சொல். சாலையிலிருந்து கண் விலகக்கூடாது என்று மாஸ்டா வைத்த ஏற்பாடு அது. சிலருக்கு எரிச்சல், பழகியவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. 2025-இல் காட்டிய புதிய சிஎக்ஸ்-5-இல் குமிழைத் தூக்கிவிட்டுப் பெரிய தொடுதிரையை வைத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் கொதிக்கிறார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. இந்த ஒன்றிலாவது பிடிவாதமாக இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். முழங்கால் சரியாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்பு. தங்கச்சியையும் அழைத்து வா. மகன் வண்டியைப் பார்த்துவிட்டு வந்ததும் ஆயில் மட்டம் எங்கே இருந்தது என்று மட்டும் உடனே போனில் சொல், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
முருகேசன்

பி.கு.: வண்டி சிவப்பு என்று எழுதியிருந்தாய். அந்தச் சிவப்பு பல அடுக்காக அடிக்கிற பெயின்ட். ஒரு கதவை மட்டும் பின்னால் அடித்திருந்தால் நிறம் ஒட்டாது. வெயிலில் நிறுத்தி, ஒரு பக்கமாகக் குனிந்து எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்பட்ட புள்ளிகள் முன்பக்கம் நிறைய இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.