கைவிடப்பட்ட பிள்ளைகள் அல்லர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ‘திருடப்பட்ட தலைமுறைகள்’, அதாவது பெற்றோரிடமிருந்து அரசு பிரித்துக்கொண்டுபோன பிள்ளைகள், பற்றிய கட்டுரை படித்தேன். தமிழில் இதை எழுதுவோர் அரிது, வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் ‘பெற்றோரால் கவனிக்க முடியாத பிள்ளைகளை அரசு எடுத்து வளர்த்தது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அது அன்றைய அதிகாரிகள் சொல்லிவந்த சமாதானம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழங்குடிப் பிள்ளை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று நீதிபதி முன் காட்டினால்தான் பிரிக்க முடியும். பழங்குடியினரை நிர்வகித்த அரசின் பாதுகாப்பு வாரியத்துக்கு அது இடைஞ்சல். 1915இல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றப் படி ஏறாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரத்தை வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் கவனிக்காததுதான் காரணம் என்றால் இந்தத் திருத்தம் எதற்கு?

புரூஸ் டிரெவரோ கதையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. 1957 கிறிஸ்துமஸ் நாளில், வயிற்றுப்போக்குடன் அடிலெய்ட் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 13 மாதக் குழந்தை. குணமானதும் தெற்கு ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம் அவரை ஒரு வெள்ளையர் குடும்பத்திடம் கொடுத்துவிட்டது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில மாதம் கழித்து, பிள்ளை எப்படி இருக்கிறான், எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று தாய் கடிதம் எழுதினார். தேறிவருகிறான், ஆனால் வீட்டுக்கு அனுப்ப மருத்துவர் இன்னும் சம்மதிக்கவில்லை என்று பதில் போனது. அப்போது குழந்தை மருத்துவமனையிலேயே இல்லை! தாயிடம் திரும்பியபோது அவருக்குப் பத்து வயது. அந்த வீட்டில் ஒட்ட முடியவில்லை. 2007இல் தெற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம், பிரித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து 5,25,000 டாலர் இழப்பீடு வழங்கியது. மறு ஆண்டே, 51 வயதில், இறந்துபோனார்.

அவர் வென்றதற்கு அந்தக் கடிதங்கள் அழியாமல் கிடந்ததும் ஒரு காரணம். அவரைப் போலவே சிறுவயதில் பிரிக்கப்பட்டு, வழக்குத் தொடுத்து 2000இல் தோற்ற பீட்டர் கன்னரின் கோப்பில் இருந்ததோ, தாயின் பெருவிரல் ரேகை பதிந்த சம்மதப் படிவம். அதில் என்ன எழுதியிருந்தது என்று அந்தத் தாய்க்கு விளங்கியதா என்பதைக் காகிதம் சொல்லுமா?

ஆகவேதான் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதைகளுக்கு இவ்வளவு கனம். இப்படிப் பிள்ளைகளைப் பிரித்தது பற்றி 1997இல் வந்த ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ விசாரணை அறிக்கைக்காகப் பழங்குடியினர் 535 பேர் பேசினார்கள். இன்னும் பேச விரும்புவோரின் கதைகளைப் பதிவு செய்யுங்கள் என்பதே அதன் முதல் பரிந்துரை. அதன்பின் ஆஸ்திரேலிய தேசிய நூலகம் முந்நூறுக்கும் மேற்பட்ட நேர்காணல்களை ஒலிப்பதிவு செய்தது. பிரிக்கப்பட்டவர்களோடு, பிரித்துக் கொண்டுபோன போலீஸாரும் விடுதி நடத்திய பாதிரிமார்களும்கூட அதில் பேசியிருக்கிறார்கள்.

அடுத்து இதைத் தொடும்போது, உரிய அனுமதி பெற்று, அவற்றில் ஒன்றிரண்டையாவது முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையாளரின் அந்த வரிக்கும் ஒரு திருத்தக் குறிப்பு போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, அடிலெய்ட்