ரே கவுண்டி நீதிமன்றக் கட்டடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டென்னசி மாநிலம் டேட்டனில் நிற்கும் நம் நீதிமன்றக் கட்டடம் தொடர்பான இவ்வாண்டுப் பணிகளில், முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். வாசலுக்காகச் செய்யக் கொடுத்த பலகை, கட்டிய ஆண்டு 1925 என்று வந்து சேர்ந்தது. எழுதியவரை நொந்து பயனில்லை. பார்க்க வருகிறவர்களில் பலருடைய நினைப்பும் அதுதான். மறுபடி எழுதி வாங்கிய பலகையில் 1891 என்று சரியாக இருக்கிறது.

கவுண்டியின் தலைமையிடம் வாஷிங்டன் என்ற பழைய ஊரிலிருந்து ரயில் வந்த டேட்டனுக்கு மாறியதால் எழுந்த கட்டடம் இது. மூன்று தளம், செங்கல் சுவர், மணிக்கூண்டு. 34 ஆண்டுகள் உள்ளூர் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்த கூடத்துக்கு, 1925 ஜூலை 10 அன்று ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது, மாநிலச் சட்டம் தடுத்திருந்த பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாகத் தொடுத்த வழக்கு வந்தது. ஊருக்கு நாலு காசு வரட்டும் என்று நம் முன்னோர் மருந்துக்கடையில் உட்கார்ந்து பேசி வரவழைத்த வழக்கு அது. மறைக்க என்ன இருக்கிறது? சிகாகோ வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது.

சுற்றிக்காட்டும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் டாரோ, அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிரையனைச் சாட்சியாக நிறுத்திக் கேள்வி கேட்ட இடம் எது என்றால், மாடிக் கூடத்தைக் காட்டாதீர்கள். ஜூலை 20 அன்று வெக்கை ஒருபுறம், கூட்டத்தின் பாரத்தில் தளம் இறங்கிவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். நீதிபதி ரால்ஸ்டன் மன்றத்தையே புல்தரைக்கு இறக்கினார். இக்கட்டடத்துக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த இரண்டு மணி நேரமும் கட்டடத்துக்கு வெளியேதான் நடந்தது.

மறுநாள் ஜூரிகள் ஒன்பதே நிமிடத்தில் குற்றவாளி என்றனர். 100 டாலர் அபராதத்தை ஜூரிக்குப் பதில் நீதிபதி விதித்தது செல்லாது என்று 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளியது. பிரையன் வழக்கு முடிந்த ஐந்தாம் நாள் இதே ஊரில் காலமானார். பரிணாமத்தைக் கற்பிக்கத் தடுத்த அந்தச் சட்டமோ 1967 வரை உயிரோடு இருந்தது.

1976இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1979இல் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில் மாடிக் கூடம் வழக்கு நடந்தபோது இருந்தபடி புதுப்பிக்கப்பட்டது. அடித்தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. புல்தரையில் பிரையன் சிலை 2005இலும் டாரோ சிலை 2017இலும் வைக்கப்பட்டன. இடையில் 12 ஆண்டுகள் பிரையன் பதில் சொல்ல ஆளில்லாமல் தனியே நின்றார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 1925 என்று எழுதிய பலகை அலுவலக அறையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுவோர் கேட்டு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
செயலாளர்