பட்ஜெட் போடும் முன் எங்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் விளையாட்டு இடம் ஒன்று வந்தது. சறுக்கு மரம், ஊஞ்சல் எல்லாம் நல்ல சாமான்கள்தான். ஆனால் பக்கத்தில் நிழலுக்கு ஒரு மரம் இல்லை. மாலை ஐந்து மணிக்கும் சறுக்கு மரத்தில் கை வைத்தால் சுடுகிறது. வெயில் தாழ்ந்து பிள்ளைகள் வருவதற்குள் இருட்டிவிடும், விளக்கும் கிடையாது. எதிர்வீட்டுப் பாட்டி பேரனை ஒரு கையிலும் மடக்கு நாற்காலியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஆறாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறார்.

இதைத் திட்டமிட்டது யாரோ, தெரியாது. அந்தப் பாட்டியிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால், "ரெண்டு பெஞ்சி, ஒரு லைட்டு போடுங்கய்யா" என்று சொல்லியிருப்பார்.

வீட்டு வரியை ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டுகிறோம். அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று சொல்லத்தான் நமக்கு வழி குறைவு. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மக்கள் ஓட்டுப் போட்டு நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் இப்படிப்பட்ட ஊராட்சித் தேர்தல்கள் (உள்ளாட்சித் தேர்தல்கள்) நிறுத்தி வைக்கப்பட்டன; அப்புறம் திரும்பி வரவே இல்லை. தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு சட்டமன்றம் 2012-இல் சட்டம் நிறைவேற்றியும், 2014-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. இன்றும் மாநகர் மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள்தான்.

தேர்தல் வரும்போது வரட்டும். அதுவரை வரவு செலவுத் திட்டத்திலாவது மக்கள் பேச்சு ஏற வேண்டும். இது பினாங்குக்குப் புதிதும் இல்லை. அதே 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் பினாங்குத் தீவு நகராட்சியும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறை நகராட்சியும் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கின. ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புப் பகுதிகளில் வீடு வீடாக விவரம் எடுத்தார்கள். பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். பிறகு எது முதலில் வேண்டும் என்று குடியிருப்பாளர்களையே வாக்களிக்கச் செய்தார்கள். தனித்தனியாகக் கேட்டதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பிளாட்டில் ஒரு கூட்டம் என்றால் ஆண்கள் நான்கு பேர் பேசுவார்கள், பெண்கள் பின்வரிசையில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குப் போனதும்தான் லிப்ட் பிரச்சினையும் தெருவிளக்குப் பிரச்சினையும் வெளியே வரும்.

வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வர முடியும்? என் பக்கத்து வீட்டு அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் நேரம் அது. ஆகவே மாநகர் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: தொகைகள் முடிவாவதற்கு முன்பே பிளாட்டுகளுக்கு வாருங்கள். இரவு எட்டு மணிக்கு வாருங்கள். எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்போகிறீர்கள் என்பதை மலாய், தமிழ், சீன மொழிகளில் இரண்டு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வந்து, நாங்கள் கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்றும் சொல்லுங்கள்.

நம் மக்களுக்கும் ஒன்று. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, முழு மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பாடாங் கோத்தா லாமா பக்கம் மாலையில் காற்று வாங்கப் போகிறோமே, அங்கிருக்கும் மாநகர் மண்டபத்துக்குள் நம்மில் எத்தனை பேர் நுழைந்திருக்கிறோம்? அடுத்த கூட்டத்துக்கு நானும் அந்த அக்காவும் போவதாக இருக்கிறோம். பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் வாசகி