தேதி யார் கையில்?

மன்னார்குடி

அன்புள்ள மாப்ள,

உன் மெயிலும், நீ உருவாக்கும் வீடியோ கேமின் டெமோவும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குறுவை அறுப்பு முக்கால்வாசி ஆகிவிட்டது, ஈரப்பதம்தான் கவலை. பாமணி ஆற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை.

டெமோவில் கடைமடை வாய்க்கால் வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஆடினேன். மதகைத் திருகித் தூக்கியதும் தண்ணீர் பாய்ந்து வந்துவிடவில்லை. முதலில் வெடித்த மண் கறுக்கிறது. அப்புறம் நுரையும் சருகுமாக ஊர்ந்து வந்து, நண்டு வளையில் இறங்கிக் குமிழ் விட்டு, அது நிரம்பிய பிறகுதான் மேலே நகர்கிறது. அந்த அரை நிமிஷம் ஆடுகிறவனுக்கு வேலையே இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். கடைமடைக்காரனுக்குத் தெரியும் அந்தக் காத்திருப்பு என்னவென்று. உன் விளையாட்டுக்குப் பணம் போட்டு விற்றுத் தர வந்திருக்கும் வெளியீட்டாளர் வெட்டச் சொல்வது அதைத்தான் என்று எழுதியிருக்கிறாய். கூடவே ஆடுகிறவன் தினம் உள்ளே வந்தால் அவனுக்குப் பரிசுக் காசு வேண்டுமாம், பொங்கலுக்கு முன் வெளிவர வேண்டுமாம்.

நடவுக்கு முன்பணம் கொடுக்கும் நெல் வியாபாரியை உனக்குத் தெரியும். காசை வாங்கின அன்றே விலையும் அவர் கைக்குப் போய்விடும். வெளியீட்டாளர் நீட்டும் இந்த ஒப்பந்தமும் அதே கணக்குதான். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு தவணை. விற்பனை தொடங்கினால் முதலில் அவர் போட்ட பணம் திரும்ப வேண்டும், உன் பங்கு அதற்கு அப்புறம். பணம் போட்டவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கட்டம் முடிந்ததா இல்லையா என்று சொல்வது அவர் மட்டும் என்றால், சம்பளம் போட வேண்டிய மாசக் கடைசியில் நீ எதற்கும் தலையாட்டுவாய். அரை நிமிஷத் தண்ணீரெல்லாம் அப்போது நிற்காது.

ஹாஸ்டலில் விடிய விடிய ஆடினோமே, 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்', அதன் கதை தெரியுமா? வெளியீட்டாளர் பெதஸ்டா, அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்குக் கொடுத்தது சுமார் 18 மாதம். 2010 அக்டோபரில் வந்தபோது பிழைகள் மொய்த்தன. விற்பனையில் பங்கு கிடையாது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு 85 வந்தால் மட்டும் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. அத்தனை நல்ல எழுத்தை எழுதியவர்களுக்கு ஒரு மார்க்கில் போனது. இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் அந்த ஒரு மார்க் என்ன, அதற்கு மேலும் வந்திருக்கும் என்பது என் திடமான எண்ணம்.

அதற்காக, நாமே வெளியிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உன் கூட்டாளிகள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 'சைபர்பங்க் 2077'ஐ உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் தன் சரக்கைத் தானே வெளியிடும் நிறுவனம்தான். 2020இல் மூன்று முறை தேதி தள்ளி, டிசம்பர் 10 அன்று இறக்கினார்கள். சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியில் ஓடவே திணறியது. ஒரு வாரம் கடந்ததும் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. தலைக்கு மேல் வெளியீட்டாளர் இல்லை, ஆனால் பங்குச் சந்தை இருந்தது, பண்டிகை விற்பனை இருந்தது. தேதியே இல்லாமல் விட்டாலும் ஆபத்துதான்: 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 1997இல் அறிவித்து 2011இல் வந்தது, வந்தும் யாருக்கும் பிடிக்கவில்லை.

லேரியன் என்ற நிறுவனம் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கள் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டின் முதல் பகுதியை 2020 அக்டோபரில் விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுசாகக் கொடுத்தார்கள். தேதியும் அவர்கள் கையில், ஆடுகிறவர்களின் கண்ணும் அவர்கள் மேல். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தது.

ஆகவே, கையெழுத்துப் போடு. ஆனால் ஒரு முறையாவது தேதியைத் தள்ளும் உரிமை உனக்கு வேண்டும், கட்டம் முடிந்ததா என்பதை இருதரப்பும் பார்த்துச் சொல்ல வேண்டும். தினப் பரிசு வேண்டவே வேண்டாம். மறுத்தால் விளையாட்டைச் சின்னதாக்கி நீங்களே கொண்டுவாருங்கள். டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற நிறுவனம் 'வெண்பா' விளையாட்டை 2023இல் அப்படித்தான் கொண்டுவந்தது. ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு அடுக்களை, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே புதிர். ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம். மறுவருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டுக்கான விருது வாங்கியது. பத்து மணி நேரமாக இழுக்கச் சொல்ல அங்கே ஒருவர் இருந்திருந்தால் அது நாசமாகியிருக்கும்.

ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு. இங்கே என்னுடன் படித்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், வரி வரியாகப் பார்த்துச் சொல்வார். அப்புறம், இரண்டாவது மதகில் ஷட்டரை இறக்கினாலும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அதை முதலில் சரி செய்.

அன்புடன்,
உன் மச்சான்